தலையணைக்கு அடியில் கிடந்த மாத்திரை அட்டை

அன்புள்ள மகளுக்கு,

நீ புனேவுக்குக் கிளம்பிய மறுநாள், அம்மா உன் படுக்கையை உதறியபோது மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. பத்தில் எட்டு காலி. இங்கே இருந்தபோது ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு நீ தாழ்வாரத்தில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தாய். கேட்டேன். "ஒன்றும் இல்லை அப்பா, எதுக்களிக்கிறது" என்றாய். அப்போதே பேசியிருக்க வேண்டும்.

அந்த மாத்திரை, பான்டோபிரசோல், எரியும்போது வாயில் போட்டுக்கொள்வதற்கானது அல்ல. காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட்டால்தான் அமிலம் சுரப்பதை நன்றாகத் தடுக்கும். அதையும் நீயாக மாதக்கணக்கில் நீட்டக் கூடாது.

பதினொன்றரைக்குச் சாப்பிட்டுப் பன்னிரண்டுக்குப் படுக்கிறாய். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறத்தானே செய்யும்? படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடு. எட்டு மணிக்கு அலுவலகத்திலேயே சாப்பிட்டாலும் சரி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்து. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம்தான் கூடும். இடது பக்கமாகச் சாய்ந்து படு.

மறுவீட்டு விருந்தில் சொதி என்றால், பக்கத்தில் இஞ்சித் துவையல் இல்லாமல் ஆச்சி இலை போட விட்டதில்லை. தேங்காய்ப்பால் கனம், செரிக்க நேரமாகும். இஞ்சி அந்த மந்தத்தைக் கலைக்கும். ஆனால் மந்தம் வேறு, எரிச்சல் வேறு தாயே. நெஞ்சு எரியும்போது நீ குடிக்கிற சுக்குக் காப்பி எரிச்சலைக் கூட்டிவிடலாம். பாலும் குடித்த நிமிடம் இதமாக இருக்கும். பிறகு அமிலத்தைச் சுரக்க வைக்கும். தலைவலிக்கு நீ விழுங்கும் ஐபுபுரூஃபென் இரைப்பையையே புண்ணாக்கக்கூடியது. அதை முதலில் நிறுத்து.

குடற்புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று வகுப்பில் பல வருடம் தவறாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், அந்தப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைத் தானே குடித்து வயிற்றில் அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உன் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கிறதா என்பது மூச்சுப் பரிசோதனையில் தெரியும். பான்டோபிரசோல் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காதே. அதனால் முடிவு தவறாக வரலாம்.

பெரியப்பா போன இரவை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. நெஞ்சில் வாயு குத்துகிறது என்றார். முக்குக் கடைக்கு ஓடி கோலி சோடா வாங்கி வந்து நான்தான் உடைத்துக் கொடுத்தேன். பெரிதாக ஏப்பம் விட்டு, "இப்போது தேவலை" என்றார். நானும் படுத்துவிட்டேன். விடிவதற்குள் வேட்டி நனைய வியர்த்து, இடது கை கடுக்கிறது என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. மாரடைப்பு. அந்தக் கோலி பாட்டில் கழுத்தில் உருண்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மலம் தார்போலக் கறுத்தாலும், ரத்தம் வாந்தி எடுத்தாலும் அப்படித்தான். விழுங்கும்போது அடைத்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதே.

இந்தச் சனிக்கிழமை மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போன் செய். அம்மா இஞ்சித் துவையலை நன்றாக வதக்கிப் பார்சலில் வைத்திருக்கிறாள். மருத்துவரைக் கேட்ட பிறகு டப்பாவைத் திற.

அன்புடன்,
அப்பா