அத்தைக்காக ஓடிவந்த உங்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அத்தை போய் ஒரு மாதம் ஆகிறது. ஆளாளுக்குப் போன் போட்டு நன்றி சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு பேரிடம் பேசுவதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உங்களில் பாதிப் பேருக்கு அவர் 'தையல் அத்தை'. கிழிந்த சட்டையைத் தூக்கிப்போடுமுன் பொத்தான்களை வெட்டியெடுத்துத் தகர டப்பாவில் சேர்த்துவைப்பார். எனக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். ஊசியில் நூல் கோக்க நான் திணறினால், "நூலோடு ஏன் மல்லுக்கட்டுற? நுனியை விரலிடுக்கில் ஒளிச்சு வை, ஊசியை அதுமேல இறக்கு" என்பார். பிற்பாடு அவருக்குக் கண் மங்கியபோது, கிளம்புமுன் பத்து ஊசிகளில் நூல் கோத்துக் குத்திவைத்துவிட்டுப் போவேன். கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் "இனிமே நீ கோத்து வைக்க வேண்டாம்" என்றார் பெருமையாக. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசி நான்கு மாதம், புற்றுநோய். முதலில் காட்டிய இடத்தில் "இந்த வியாதிக்கு வலி இருக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். வலி தணிப்பு மருத்துவரே, நீங்கள் வந்த பிறகுதான் அவர் தூங்கினார். மார்ஃபின் என்ற வலி மருந்தின் பேரைக் கேட்டதும் பயந்தது நான்தான். வலி வந்தபின் கொடுப்பதில்லை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வலியை முந்திக் கொடுப்பது என்று புரியவைத்தீர்கள். மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து எழுதினீர்கள்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் தங்கைக்கு: இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுத்து, சுவரில் அட்டவணையும் ஒட்டினாய். அத்தைக்குக் கடைசிவரை படுக்கைப் புண் வரவில்லை. இரவு முறையை எடுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, உங்களிடம் என்ன சொல்ல, நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

அப்புறம் அந்த விடியற்காலை. கண்களைக் கொடுக்க வேண்டும் என்று அத்தை சொன்னது எங்கள் யாருக்கும் நினைவில்லை. நினைவுபடுத்தியவர் எதிர்வீட்டுத் தாத்தா. ஃபேனை நிறுத்தி, தலைக்கு இரண்டு தலையணை வைத்து, மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வைத்ததும் அவர்தான். "ஆபரேஷன் செய்த கண்ணாச்சே, புற்றுநோய் வேறே" என்று உறவில் ஒருவர் இழுத்தார். கண்புரை ஆபரேஷன் தடையில்லை, ரத்தப் புற்றுநோய் இல்லாததால் அதுவும் தடையில்லை என்று கண் வங்கிக்காரர்கள் சொன்னார்கள். ஆறு மணி நேரத்துக்குள் வர வேண்டியவர்கள், இரண்டே மணி நேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு விஷயம் பாக்கி. தையல் மெஷின் பக்கத்தில் மூன்று ரவிக்கைத் துணிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்று வெட்டி முடித்தது. யாருடையது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். துணியில் குத்தியிருக்கும் அளவுச் சீட்டு அவர் கையெழுத்து. அதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.