பழைய வீடியோ கேம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு ஹட்டனில் கேம் கேசட் மாற்றிக்கொள்ளக் கூடுகிறோம். வழக்கமான இடம்தான்.

அதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். ஜப்பானிலிருந்து வந்த ஃபேமிகாம் (நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம்) செட் வாங்கினால், அதோடு வரும் அடாப்டரை நேரே பிளக்கில் சொருக வேண்டாம். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். போன மாதம் ஒரு கடையில் "பயமில்லை, போடுங்க" என்றார்கள். நம்பிப் போட்டேன், அடாப்டர் கருகிவிட்டது. செட் தப்பியதே பெரிய விஷயம். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம், கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதாதீர்கள். சின்ன வயதில் எல்லாரும் ஊதினோம்தான். ஆனால் மூச்சில் உள்ள ஈரம் கேசட்டின் அடியில் இருக்கும் உலோகப் பின்களை அரிக்கும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மழையும் பனியுமாக ஏற்கெனவே ஈரம் அதிகம். காது குடையும் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்தப் பின்களைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். மூடி வைக்கும் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று இருக்கட்டும்.

கேம் பாய் (கையில் வைத்து விளையாடும் செட்) போக்கிமான் கேசட் என்றால், வாங்கும் முன் சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி செத்திருந்தால் விளையாடியது சேவ் ஆகி இருக்காது. மாற்றலாம், ஆனால் ஈயம் வைத்து ஒட்ட வேண்டும், பழைய சேவும் போய்விடும். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஞாயிறு வருகிறவர்கள் தங்களிடம் உள்ள கேசட்டின் படத்தை, முன்பக்கமும் பின்பக்கமும், சனி இரவுக்குள் இங்கே போட்டுவிடுங்கள்.