அந்தச் சிறுவன் டிலன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைப் பற்றிய ‘ஐ’ம் நாட் தேர்’ (2007) படத்துக்குச் சென்ற இதழில் உங்கள் விமர்சகர் வழங்கிய தீர்ப்பு: “ஒரு பாடகருக்கு ஆறு நடிகர்கள், அதில் ஒரு பெண் வேறு, இயக்குநருக்கே குழப்பம்.” அந்த ‘பெண் வேறு’தான் கேட் பிளான்செட். வெனிஸ் விழாவில் இந்த வேடத்துக்காகத்தான் சிறந்த நடிகை விருது பெற்றார். அங்கிருந்த நடுவர்களுக்கும் குழப்பம் போலிருக்கிறது. ஒரு நடிகர் பத்து வேடம் கட்டினால் மட்டும் நாம் விசிலடிக்கலாம்.

ஜிம்மர்மேன் என்ற பெயரை உதறியவர், 1965இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்கிதாரோடு மேடையேறி ரசிகர்களைப் பதறவைத்தவர், 1979இல் கிறிஸ்துவைப் பாடக் கிளம்பியவர். இவரை எந்த ஒரு முகத்துக்குள் அடக்குவது? அந்த மேடையில் இசைக்குழு கூட்டத்தை நோக்கி இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதாக இயக்குநர் டாட் ஹெய்ன்ஸ் எடுத்திருக்கிறாரே, அதையாவது உங்கள் விமர்சகர் விழித்திருந்து பார்த்தாரா?

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட்டபோது, டிலன் யாரென்றே தெரியாத என் அக்காவும் வந்திருந்தார். இடைவேளைக்கு முன்பே “இவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தானே?” என்று கேட்டுவிட்டார். அவர் பத்திரிகையில் எழுதுகிறவர் அல்லர்.

உங்களுக்குத் தெரியாததல்ல: 2016இல் டிலனுக்கு நோபல் கிடைத்தபோது “பாட்டெல்லாம் இலக்கியமா?” என்று அரைப்பக்கம் கேலி செய்தீர்கள். நான் அனுப்பிய மறுப்பு இன்றுவரை வரவில்லை. பிறகு டிலனைப் பற்றிய இன்னொரு படம், ‘எ கம்ப்ளீட் அன்னோன்’ (2024) வந்தது. 1966இல் மான்செஸ்டரில் டிலனைத் துரோகி என்று சாடி ஒரு ரசிகர் எழுப்பிய ‘யூதாஸ்’ கூச்சலை அந்தப் படம் நியூபோர்ட்டுக்கே கடத்திவந்திருந்தது. அதற்கு நீங்கள் கொடுத்த பாராட்டு, ‘வரலாற்று நேர்மை’. இதற்கிடையே உலக சினிமாப் பகுதி இரண்டு பக்கத்திலிருந்து தேய்ந்து, நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே ஒண்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். படக்குறிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. சரக்கு ரயிலில் கிதார்ப் பெட்டியோடு போகும் கறுப்பினச் சிறுவனின் படத்துக்குக் கீழே ‘டிலனின் சிறுவயது’ என்று போட்டிருக்கிறீர்கள். டிலன் மினசோட்டாவில் கடை வைத்திருந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. நியூயார்க் வந்த புதிதில், திருவிழாக் கூட்டத்தோடு ஊர் ஊராகத் திரிந்தவன் என்று கதை விட்டார். அந்தப் பொய்க்கும், நாட்டுப்பாடகர் வுடி கத்ரீ மேல் அவருக்கிருந்த மோகத்துக்கும் கை கால் முளைத்ததுதான் படத்தில் வரும் அந்தச் சிறுவன், பெயரே வுடி. படத்தின் சாவியையே தொலைத்துவிட்டுக் கதவு திறக்கவில்லை என்றால் எப்படி ஐயா?

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, மார்கஸ் கார்ல் ஃபிராங்க்ளின் என்று அந்த நடிகரின் பெயரைப் போடுங்கள். நகைக்கடைக்காரர் ஒரு வரி இடம் விட்டுக்கொடுப்பார் என்று நம்புகிறேன்.

இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகர்,
மதுரை