மேஜர் சரவணன் நினைவு நாளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மே 29 அன்று திருச்சி கன்டோன்மென்ட்டில், 1999 கார்கில் போரில் உயிர்விட்ட மேஜர் சரவணன் நினைவிடத்துக்கு அந்தக் கத்திரி வெயிலிலும் வந்து நின்றீர்களே, முதலில் அதற்கே பெரிய நன்றி.

பூக்கார அக்காவுக்கு: மாலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அவ்வளவு பிடிவாதமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நீர்மோர் கொண்டுவந்த வீட்டாருக்கும் நன்றி, உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

ஓய்வுபெற்ற சுபேதார் அய்யா பேசியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்கில் பக்கம் பட்டாலிக் பகுதியில் இருக்கும் 'பாயிண்ட் 4268' என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்க, அது அந்த முகட்டின் உயரம்ப்பா, மீட்டர் கணக்கு, நம்ம தொட்டபெட்டாவே 2,637தான் என்றார். பிள்ளைகள் அப்புறம் வாயே திறக்கவில்லை. மூச்சுவிடவே திணறும் அந்த உயரத்தில், மேலே பதுங்கியிருந்து சுடுகிறவர்களை நோக்கி, 1999 மே 28 இரவு பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் ஏறியது. சரவணன் முன்னால் போய் ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் பதுங்குமிடத்தை அடித்தார், சிதறல் பட்டுக் காயமான பிறகும் பின்வாங்கவில்லை, விடிந்த பிறகு தலையில் குண்டு பாய்ந்தது. வயது 26. ஜூலை வந்த பிறகுதான் உடலைக் கீழே கொண்டுவர முடிந்தது.

அதே தாக்குதலில் உயிர்விட்டவர் நாயக் பதவியில் இருந்த கணேஷ் பிரசாத் யாதவ், பீகார்க்காரர். இருவருக்குமே போர்க்களத்து வீரத்துக்கான வீர் சக்ரா விருது கிடைத்தது, ஆனால் நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கூட ஏறியவரை விட்டுவிட்டு இவருக்கு மட்டும் மாலை போடுவது சரியில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல். இந்த முறை அவர் படத்தையும் பக்கத்தில் வைத்தோம். ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோ அண்ணனுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது! படத்துக்கு அடியில் இந்தியில் பெயர் எழுதித் தந்தது பக்கத்துக் கட்டடத்தில் டைல்ஸ் வேலை பார்க்கும் பீகார்த் தம்பி. எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று பார்த்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்களையும் அழைத்துக்கொண்டு வந்து, இரண்டு படத்துக்கும் பூப் போட்டு, சரவணன் எந்த ஊர், அப்பா என்ன வேலை என்றெல்லாம் விசாரித்தார். அப்பாவும் ராணுவ அதிகாரிதான் என்றதும் அவர்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள். பையாக்களே, உங்களுக்கு நன்றி. இதை யாராவது அவர்களுக்கு இந்தியில் படித்துக் காட்டுங்கள்.

வெயிலில் பிள்ளைகளைக் காக்க வைத்த நீளமான வரவேற்புரைகளுக்கு மட்டும் நன்றி கிடையாது.

இரண்டு படங்களும் இப்போது ஸ்டுடியோவில்தான் இருக்கின்றன. ஜூலை 26 கார்கில் வெற்றி நாளுக்கு அதே இடம், காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். மைக்செட் வேண்டாம், சுபேதார் அய்யா குரலே போதும்.