ஒவ்வாமையை முதலில் உறுதி செய்க

ஐயா, மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் கிருமித்தொற்று பற்றிய தங்கள் செய்தியில், தொற்றைத் தடுக்க அறுவைக்கு முன்பே தரும் ஆன்டிபயாடிக்கின் தேர்வைப் பற்றியும் எழுதியிருக்கலாம். தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் பெனிசிலினுக்கு உறவான செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடுவதே பொதுவாக முதல் தேர்வு. ஆனால் 'பெனிசிலின் ஒவ்வாமை' என்ற பழைய குறிப்பு இருந்தாலே, பல இடங்களில் மேற்கொண்டு விசாரிக்காமல், மெதுவாக ஏற்ற வேண்டிய வான்கோமைசின் என்ற வேறு வகை ஆன்டிபயாடிக்குக்கு மாறிவிடுகிறார்கள்.

சென்னையில் என் தாயாருக்கு முழங்கால் மாற்றியபோது, சிறுவயதில் ஏதோ மாத்திரையால் வந்த தடிப்பு, கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ஒவ்வாமையாகப் பதிந்திருந்தது; அதனால் ஏற்றிய வான்கோமைசின் பாதி இறங்கும் முன்பே தியேட்டருக்குத் தள்ளிச் சென்றார்கள் (தொற்று வரவில்லை, அது அவர் அதிர்ஷ்டம்). இத்தகைய குறிப்புள்ளோரில் பெரும்பாலோருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை என்பதால், அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே அதைத் துருவிக் கேட்டு, தேவையெனில் சோதித்துப் பதிவு செய்யும் நடைமுறையை அரசு மருத்துவமனைகளில் சுகாதாரத் துறை தொடங்கலாம்.

– ஒரு வாசகர், மயிலாப்பூர், சென்னை.