ஆபரேஷனோடு கணக்கு முடியவில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

என் சிறுநீரக மாற்று ஆபரேஷனுக்குப் பண உதவி கேட்டு நீ எழுதி அனுப்பிய வேண்டுகோளை நேற்று டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு தடவை படித்தேன். 4 மணி நேரம் இடது கையை அசைக்கக் கூடாது, வேறென்ன வேலை எனக்கு. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் ஆயுசு முழுக்கக் கணக்கெழுதியவனிடம் ஒரு தாளைக் கொடுத்தால் சிவப்பு மை படாமல் திரும்பி வராது என்று உனக்குத் தெரியாதா?

முதல் தப்பு தொகையில் இருக்கிறது. ஆபரேஷன் செலவைப் போட்டு, கீழே கோடு கிழித்து, மொத்தம் என்று எழுதிவிட்டாய். யானை வாங்கக் காசு சேர்க்கிறாய், சரி. அதைக் கட்டித் தீனி போடுவது யார்?

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே என்ற மருத்துவர் முதன்முதலில் வெற்றிகரமாகச் சிறுநீரகத்தை மாற்றி வைத்தார். கொடுத்தவரும் வாங்கியவரும் உருவொத்த இரட்டையர். அதனால் வாங்கியவரின் உடம்புக்கு அது அந்நிய உறுப்பாகவே தெரியவில்லை. அதற்குப் பிறகும் அவர் 8 வருஷம் இருந்தார். நானும் அம்மாவும் இத்தனை வருஷம் சண்டை போட்டுச் சண்டை போட்டு ஒரே மாதிரி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பு அதை ஒப்புக்கொள்ளாதாம். அம்மாவின் சிறுநீரகத்தை வெளியாள் என்றுதான் பார்க்குமாம். உடம்பை ஏமாற்றி வைக்கத்தான் மாத்திரைகள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனலேட், பிரெட்னிசலோன் என்று மூன்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, அந்தச் சிறுநீரகம் வேலை செய்கிறவரை தினமும்.

டாக்ரோலிமஸ் மட்டும் ஒரு தனிக் கதை. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் புதுச் சிறுநீரகத்தையே கெடுக்கும். குறைந்தால் உடம்பு முறுக்கிக்கொண்டு எதிர்க்க ஆரம்பித்துவிடும். அதனால் முதல் சில மாதங்கள் அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். அன்று காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே போய், ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பரிசோதனைக் கட்டணம், போக வர வண்டிச் செலவு. இந்த மருந்துகளோடு கிருமி தொற்றாமல் இருக்கவும் சில மாதங்களுக்கு மருந்து உண்டு. சிறுநீர்க் குழாயில் ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் குழல் வைப்பார்கள், சில வாரம் கழித்து அதை எடுக்க இன்னொரு நாள் ஆஸ்பத்திரி. பிரெட்னிசலோனால் சர்க்கரை ஏறலாம், அப்படி ஏறினால் அதற்கு வேறு மருந்து. நடுவில் உடம்பு எதிர்த்தால் திரும்ப அட்மிட் ஆகி, பயாப்சி என்று சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்த்து, ஊசி போட வேண்டும். அப்படி வந்தே தீரும் என்று சொல்லவில்லை. வந்தால் கையில் காசு இருக்க வேண்டும் என்கிறேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு தடவை மாற்றியாகிவிட்டது. ஆபரேஷனுக்கு ஊரே கொடுத்ததாம். நன்றாகத் தேறி வீட்டுக்கும் போயிருக்கிறார். அப்புறம் மாத்திரை வாங்க முடியாமல் ஒரு வேளையை இரண்டு வேளைக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார், யாரிடமும் சொல்லாமல். மறுபடி கேட்க வெட்கம். அந்தச் சிறுநீரகம் கெட்டுப்போய், இப்போது வாரத்துக்கு மூன்று நாள் என்னோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் இருப்பது கத்தியை நினைத்து அல்ல, இவரை நினைத்துத்தான்.

அதனால் குறைந்தது ஒரு வருஷத்து மருந்தையும் பரிசோதனையையும் சேர்த்துக் கேள். தொகை பெரிதாகத் தெரியும், கொடுக்கிறவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று நீ பயப்படுவாய். எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டால் மிரள மாட்டார்கள். பெரிய தொகையைக் கொடுக்க முடியாதவர்கூட ஒரு மாத ரத்தப் பரிசோதனையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வார். அவருக்கும் ஒரு திருப்தி. டயாலிசிஸும் ஆபரேஷன் நாள்வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதையும் விட்டுவிட்டாய்.

அடுத்தது அம்மா. உன் தாளில் அம்மாவைத் தேடித் தேடிப் பார்த்தேன். 'அம்மா தன் சிறுநீரகத்தைத் தருகிறார்' என்று ஒரே வரி. செலவில் ஒரு பைசாகூட இல்லை. கொடுப்பவளும் ஒரு நோயாளிதான் பாப்பா, இரண்டு படுக்கை வேண்டும். துளை போட்டுத்தான் எடுப்பார்கள், சில நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் வேலைக்குத் திரும்ப நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது. அந்த வாரங்களில் அவள் சம்பளம் கிடையாது. என்னையும் பார்த்து அவளையும் பார்க்க ஒரு ஆள் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் அவளுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும், மிச்சம் இருப்பது ஒன்றுதானே. இதை அவளிடம் சொன்னால் "எனக்கென்ன, நான் நடந்தே வந்துவிடுவேன்" என்கிறாள். அவள் பேச்சை நம்பிக் கணக்குப் போடாதே.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மறைத்தேன். நீ போன வாரம் தெரிந்தவர்களுக்கு அனுப்பியதில் என் போன் நம்பர் இருந்ததல்லவா? மூன்றாம் நாளே ஒருவன் கூப்பிட்டான். எதற்கு சார் வீட்டம்மாவைக் கஷ்டப்படுத்துகிறீர்கள், காசு கொடுத்தால் ஆளை நான் ஏற்பாடு செய்கிறேன் என்றான். என்னவோ வாடகைக்கு வீடு காட்டுகிறவன் மாதிரிப் பேசினான். ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் அது குற்றம். குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எங்கேயோ கடனில் மூழ்கின ஒருவனின் வயிற்றைக் கிழித்து எடுத்ததை நான் எப்படிச் சுமப்பேன்? போனை வைத்துவிட்டேன். என் நம்பரை எடுத்துவிடு. ரிப்போர்ட்டுகளை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறாய், அதிலும் பிறந்த தேதி, முகவரி, பதிவு எண் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் போடு.

பணம் ஆஸ்பத்திரிக் கணக்குக்கு நேராகப் போகும் என்றால் அப்படியே செய். உன் கணக்குக்கு வருவதை உன் சம்பளத்தோடு கலக்காதே, தனியாக ஒன்று திற. மாதம் ஒரு தடவை வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கொடுத்தவர்களுக்கு எழுது. மீந்தால் என்ன ஆகும், ஆபரேஷனே நடக்காமல் போனால் என்ன ஆகும், அதையும் இப்போதே எழுதிவிடு. உனக்கு அந்த வரியை எழுதக் கை வராது, அதனால் நானே கீழே எழுதிவைத்திருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரரின் மாத்திரைக்குப் போகட்டும் என்பது என் விருப்பம். அவரைக் கேட்டுவிட்டேன், தலையை மட்டும் ஆட்டினார்.

வட்டிக்கு மட்டும் வாங்காதே. அம்மாவிடம் நீ பேசியது என் காதில் விழுந்தது. உன் பெண்ணின் படிப்புக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொட்டாயானால் நான் நாற்காலியைவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன். சும்மா மிரட்டுவதாக நினைக்காதே.

கடைசியாக, படம். மூக்கில் குழாயோடு படுத்திருக்கும் படத்தை எங்கிருந்து பிடித்தாய்? அது வேண்டாம். கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. நானும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், திரும்பி வராததும் உண்டு. ஆனால் கொடுக்கிறவர்கள் என்னை உட்கார்ந்த நிலையில் பார்க்கட்டும். அம்மாவை நேற்றே ஒரு படம் எடுக்கச் சொன்னேன், இதோடு வருகிறது. அரைக்கைச் சட்டை. ஃபிஸ்டுலா கை, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த கை தெரிகிறது, இருக்கட்டும். உள்ளே ரத்தம் ரீங்காரம் போட்டுக்கொண்டு ஓடும். உன் பெண் போன தடவை அதில் காதை வைத்து, "தாத்தா கைக்குள்ளே வண்டு இருக்கு" என்றாளே, அந்தக் கைதான். ஆபரேஷன் ஆனதும் வண்டு எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போகாது, கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கும் என்று சொல்.

நீலச் சட்டை அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். எனக்குப் பிடித்திருக்கிறது. நீ பார்த்துவிட்டு எதைப் போடுவது என்று முடிவு செய், நாளை மறுநாள் நாலு மணி நேரம் நான் சும்மாதான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அப்பா