பகலுக்குப் பின்னால் போன பக்கம்

அன்புள்ள நண்பனுக்கு,

நான் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்கு நான்கு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று எழுதுகிறான் என்றால், ஒன்று கடன் கேட்கப் போகிறான், இல்லையென்றால் ஏதோ புதுக் கிறுக்கில் விழுந்திருக்கிறான் என்று நீ நினைப்பாய். இரண்டாவதுதான் சரி. நான் கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எல்லாம் நம் சொற்பட்டியலால் வந்தது. நோட்டுகளில் நாம் சேர்த்துவைத்தவற்றைத் தட்டச்சு செய்து முடித்தபோது ஏறத்தாழ நாலாயிரம் சொற்கள் இருந்தன. அவற்றை அகரவரிசைப்படுத்த வேண்டும், இரண்டு முறை வந்தவற்றை நீக்க வேண்டும். கையால் செய்தால் என் கண் போகும். உன்னிடம் கொடுத்தால் பட்டியலே போகும். ஆகவே பைத்தான் என்னும் நிரல்மொழியை இலவசமாகக் கற்றுத்தரும் இணையதளம் ஒன்றில் சேர்ந்தேன். (பாம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1991-இல் இதை முதன்முதலாக வெளியிட்ட கைடோ வான் ராசம், தமக்குப் பிடித்த பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்து எடுத்துவைத்த பெயர் அது. நீ எழுதவிருந்த கேலி இத்துடன் செல்லாது.)

கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவியிலேயே இடப்பக்கம் பாடம், நடுவில் எழுதும் பெட்டி, வலப்பக்கம் விடை. சரியாக எழுதினால் பச்சைக் குறி விழும். நாள் தவறாமல் வந்தால் மூலையில் ஒரு தீச்சுடர் எரியும், அதன் அருகில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சுடரை 41 நாள் அணையவிடாமல் காத்தேன். காய்ச்சலில் கிடந்த அன்றும் ஒரு பயிற்சியை முடித்த பிறகே மாத்திரை போட்டேன். ஒருநாள் என் விடை முழுவதும் சரியாக இருந்தும், என் நிரல் காட்டிய வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லை என்பதற்காகச் சிவப்புக் குறி போட்டார்கள்; அரைமணி நேரம் திட்டிவிட்டுப் புள்ளியை வைத்தேன். கடைசியில் 100 விழுக்காடு, ஒரு சான்றிதழ், திரை முழுக்க வண்ணக் காகிதத் தூவல்.

மறுநாள் நம் பட்டியலுக்காக ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்தேன். ஒரு வரிகூட எழுத வரவில்லை.

பொய்யில்லை. சுட்டி சிமிட்டிக்கொண்டே இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது: அந்த 41 நாளும் பத்து வரிகளில் ஒன்பதை அவர்களே எழுதிவைத்திருந்தார்கள், மீதி ஒரு வரியில் விடுபட்ட சொல்லை மட்டும் நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். அது வராதபோதும் குறிப்புப் பொத்தான் இருந்தது. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போடும்போது எல்லாம் புரிந்து, தேர்வுத் தாளில் ஒன்றும் வராமல் போகுமே, அதே நிலைதான். அப்போதாவது உன் தாளைப் பார்த்து எழுதித் தோற்றேன். இப்போது தோற்பதற்கும் துணையில்லை. ‘சரி’ என்று யாரோ சொல்லக் கேட்கும் சுகத்தைத்தான் இத்தனை நாள் படிப்பு என்று நம்பியிருக்கிறேன் என்று தோன்றியபோது, உண்மையாகவே மனம் விட்டுப்போயிற்று.

என்னை மீட்டது பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம். 2010-இல் பிலிப் குவோ என்பவர் தொடங்கியது; அதுவும் இலவசம். பாடம், பதக்கம், சுடர் எதையும் அது நம்மீது திணிப்பதில்லை. நாம் எழுதியதை ஒட்டினால், ஒவ்வொரு வரி ஓடும்போதும் கணினியின் நினைவகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக வரைந்து காட்டும். பழைய பட்டியல் பத்திரமாக இருக்கட்டும் என்று ‘சொற்கள்’ என்பதை ‘படி’ என்ற பெயரில் வைத்துக்கொண்டு, படியிலிருந்து மட்டும் சொற்களை நீக்கினேன். மூலத்திலும் அவை காணாமல் போயின. ஒருநாள் முழுக்க விளங்கவில்லை. அங்கே ஓடவிட்டுப் பார்த்தபோது, இரண்டு பெயர்களிலிருந்தும் புறப்பட்ட அம்புகள் ஒரே பெட்டியில் போய் முடிந்தன. நான் படியெடுக்கவே இல்லை. ஒரே வீட்டுக்கு இன்னொரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறேன்.

அடுத்தது அகரவரிசை. வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால் ‘பகல்’ முன்னாலும் ‘பக்கம்’ பின்னாலும் வந்தன. உன் முகம் கோணுவது இங்கிருந்தே தெரிகிறது. ‘தமிழ்’ என்பதன் நீளத்தைக் கேட்டேன். நாம் மூன்றெழுத்து என்போம், பைத்தான் ஐந்து என்றது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கப் பயன்படுத்தும் யூனிகோடில் ஒவ்வொன்றுக்கும் தனி எண்; வரிசையும் அந்த எண்களின்படிதான். புள்ளியின் எண் எல்லா மெய்களின் எண்ணையும்விடப் பெரியது. ஆகவே ‘பக்’ என்று தொடங்குவது ‘பகல்’ என்பதற்குப் பின்னால் தள்ளப்படுகிறது. போதாக்குறைக்கு, கடைசியில் நிற்க வேண்டிய றகரமும் னகரமும் முறையே ரகரத்தையும் நகரத்தையும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. குறிகளை அவற்றுக்குரிய மெய்யோடு சேர்த்துச் சொல்லை எழுத்தெழுத்தாக வெட்டி, நம் நெடுங்கணக்கின்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதைக் கொண்டு வரிசைப்படுத்தும்படி எழுதினேன். 22 வரி, மூன்று நாள். ‘பக்கம்’ மேலே ஏறி ‘பகல்’ கீழே இறங்கியபோது எந்தப் பச்சைக் குறியும் விழவில்லை. நான்தான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

உன் மகள் கற்க ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். அவள் வயதுக்கு ஸ்கிராட்ச் பொருந்தும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்டது, கட்டளைகளைக் கட்டைகளாகப் பொருத்தி ஆடுவது. பின்னாளில் இணையப் பக்கங்கள் செய்ய விரும்பினால் ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளம் இருக்கிறது; அங்கே சான்றிதழ் பெறச் சில செயல்திட்டங்களைத் தானே எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் என்னைப் போல ஏமாற மாட்டாள். எதில் சேர்ந்தாலும், பாடத்தில் இல்லாத ஒரு வேலையை முதல் வாரத்திலேயே அவள் கையில் கொடு.

மூன்றாவது நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது, மறுக்காதே, அனுப்பு. ஜ, ஷ, ஸ, ஹ நான்கையும் இப்போதைக்கு னகரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஜகரம் சகரத்தை அடுத்துத்தான் வர வேண்டும் என்ற உன் பழைய பிடிவாதம் இன்னும் இருந்தால் எழுது; இப்போது ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்